நாற்பதில் ஒரு பங்கு

எடைக்காரம்மா என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். பழைய இரும்பு வாங்கி விற்கும் யார்டின் வாசலில், லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் பதினாறு வருடம் உட்கார்ந்தவள். லாரி மேடையில் ஏறி நிற்கும். அறைக்குள் சிவப்பு எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். சரக்கோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காசு. அந்த வித்தியாசத்தில் கை வைக்க டிரைவர்கள் செய்யாத வேலை இல்லை. உள்ளே வரும்போது படுதாவுக்கு அடியில் இரண்டு தடியர்களைப் படுக்க வைத்துக்கொண்டு வருவார்கள். பீப்பாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து, சரக்கோடு சரக்காக அதையும் திறந்துவிட்டுப் போவார்கள். அவளிடம் எதுவும் நடக்காது. விற்கிறவனையும் யார்டு ஆளையும் ஜன்னலுக்குக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் பாத்தாச்சா?" என்று கேட்ட பிறகுதான் பேனாவைத் தொடுவாள்.

அவள் கணவன் அதே யார்டில் கிரேன் ஓட்டினான். சொந்தமாக வண்டி வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. பழைய டிப்பர் லாரி ஒன்றை வாங்கினான். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, புரட்டினேன் என்று மட்டும் சொன்னான். பதினான்காம் மாதம் இன்ஜின் இறுகிப்போனது. பழுது பார்க்கும் செலவில் இன்னொரு லாரியே வாங்கலாம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். கடைசியில் அந்த டிப்பர் அதே யார்டுக்கு இரும்பாக வந்தது. அவள்தான் எடை போட்டாள். நாலாயிரத்து முந்நூற்று இருபது கிலோ. விற்கிறவன் என்ற முறையில் ஜன்னலில் நின்ற கணவன், "பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனான். டிப்பரை கேஸ் கட்டரால் அறுத்துத் துண்டு போட்டவன் அவனுடைய தம்பி.

தம்பிக்குத் தீப்பெட்டி என்று பெயர். அவன் வேலையில் பிடிக்கும் நெருப்புக்கு அல்ல, அவனுடைய கோபத்துக்கு வைத்த பெயர். அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, தாய் தகப்பன் இல்லை. அவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அதனால் கொழுந்தன் என்று பேருக்குத்தான் சொல்ல முடியும். சட்டைப் பொத்தான் தைத்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் எவன் மண்டையையோ உடைத்துவிட்டு வந்த நாளில் போய்க் காலில் விழுந்தது வரை எல்லாம் அவள்தான்.

டிப்பர் போன எட்டாம் மாதம், மழைக்கு மறுநாள், கட்டுக் கட்டாக அமுக்கி அடுக்கியிருந்த தகரக் குவியல் சரிந்தது. கிரேனிலிருந்து இறங்கி அப்போதுதான் அந்தப் பக்கம் நடந்தான் அவள் கணவன். எடுத்தபோது முகம் மட்டும் முகமாக இருந்தது. மற்றதைத் துணியில் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். முதலாளி அடக்கச் செலவைக் கொடுத்து, மேற்கொண்டு பார்க்கலாம் என்றார். பார்க்கவே இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் வட்டிக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனை மொட்டை என்று கூப்பிடுவார்கள். தலை நிறைய முடி. ஏன் மொட்டை என்று அவனிடம் கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. ஒரு லட்சத்து இருபதாயிரம், வட்டி தனி என்றான். அப்படி ஒரு தொகை இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். கையில் ஒன்றும் இல்லை என்றாள். அவன் குரலை உயர்த்தவில்லை. அடுப்பைக் குழாயோடு பிடுங்கி வாசலில் வைத்தான். டிவியை எடுத்துக் கூட வந்தவனிடம் கொடுத்தான். சுவரில் ஆணியில் இருந்த கணவனின் படத்தை எடுத்துப் பார்த்து, இது எதற்கு ஆகும் என்று தரையில் போட்டு மிதித்தான். அவள் குனிந்து அதை எடுக்கப் போனபோது தோளில் கை வைத்துத் தள்ளினான். கதவு நிலையில் தலை மோதி உட்கார்ந்துவிட்டாள்.

பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்த தீப்பெட்டி ஈரத் தலையோடு வந்தான். கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புக் கம்பி கைக்கு எட்டியது. ஒரே அடி. மொட்டையின் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கம்பி இரண்டாம் தடவை மேலே போனபோது அது தலைக்குத்தான் போகிறது என்று தெரிந்து அவனுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கூட வந்தவன் மொட்டையை இழுத்துக்கொண்டு போனான். டிவி வாசலிலேயே கிடந்தது.

அதிலிருந்து மூன்றாம் நாள் வேலை முடிகிற நேரத்தில், கிரேன் ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நான்கு பேர் தீப்பெட்டியைப் பிடித்தார்கள். இரண்டு பேர் அவன் மேல் உட்கார்ந்தார்கள். ஒருவன் இடது கையை விரித்துத் தண்டவாளத்தின் மேல் வைத்தான். சம்மட்டிகூட அவர்கள் கொண்டுவரவில்லை, யார்டுடையதையே எடுத்துக்கொண்டார்கள். மூன்று அடி. மூன்று விரல்கள். ஆஸ்பத்திரியில் அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, கட்டைவிரலையும் அடுத்த விரலையும் விட்டுவைத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவன் அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அண்ணி, வலது கை இருக்கு. ஒருத்தனுக்கு அது போதும்."

அன்று அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு ஒன்று உறுதியானது. இந்தக் கடன் தன்னைக் கொல்லாது. இவனைக் கொல்லும், இல்லாவிட்டால் இவன் கொல்லுவான்.

யார்டு குமாஸ்தா அவளைக் கூப்பிட்டு அறிவுரை சொன்னார். பத்திரம் இல்லை, நகை இல்லை, ஜாமீன் இல்லை, வெறும் வாய்ப்பேச்சில் வாங்கிய கடன். வாங்கியவனும் போய்விட்டான். கையை விரித்துவிடு, எந்தக் கோர்ட்டும் உன்னைக் கேட்காது என்றார். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் என்றால் சம்மட்டியை ஏன் எடுக்கிறார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் திகைக்கும்படி ஒரு காரியமும் செய்தாள். ஒரு வாரம் அலைந்து, கணவனுக்குக் கடன் கொடுத்த மற்றவர்களைத் தானே தேடிக் கண்டுபிடித்தாள். கறிக்கடைக்காரர் ஒருவர். டயர்கடைக்காரர் ஒருவர். துணி தைக்கும் அம்மா ஒருத்தி. நான்காவதாக அவளுடைய சொந்த அண்ணன். நானும் கொடுத்தேன்தான், சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று இருந்துவிட்டேன் என்றான். வட்டிக்காரரோடு சேர்த்து ஐந்து பேர்.

பிறகு வட்டிக்காரரிடம் தனியாகப் போனாள். பழைய பைக் வாங்கி விற்பதுதான் வெளிக்குத் தெரிந்த தொழில். வரிசையாக நின்ற பைக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே. ஆனா மாசம் எட்டாயிரம் இருக்கு. என் சம்பளத்துலயும் கொழுந்தன் சம்பளத்துலயும் சாப்பாடு போக நிக்கிறது அதுதான்."

"எனக்கு வட்டியே அதுக்கு மேல வருதேம்மா."

"உங்களுக்கு மட்டும் இல்ல. அஞ்சு பேருக்கு."

அவர் சிரித்தார். எனக்கு முதலில் முடி, மற்றவர்களை அப்புறம் பார்த்துக்கொள் என்றார்.

"உங்களுக்கு மொதல்ல குடுத்தா கறிக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? அவர்கிட்டயும் கத்தி இருக்கு. அவன் கைய உடைச்சீங்க. ரெண்டு மாசம் அவனுக்கு வேலை இல்ல. அந்த ரெண்டு மாசம் போனது உங்க காசுதான்."

காது குடைவது நின்றது. எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்ததை அவள் நீட்டினாள். வட்டி இனி யாருக்கும் இல்லை, அசல் மட்டும். எட்டாயிரத்தை ஐந்து பேருக்கும் அவரவர் கடனுக்கு ஏற்றபடி பிரிப்பது. பெரிய கடனுக்குப் பெரிய பங்கு, சின்னதற்குச் சின்னது. யாருக்கும் மறைவாக ஒரு காசு கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து, ஒருவர் வாங்குவதை மற்றவர் பார்க்க வாங்கிக்கொள்வது. வீட்டுக்கு யாரும் வரக்கூடாது. யாரும் யார் மேலும் கை வைக்கக்கூடாது. கை வைத்தால் அன்றோடு எல்லோருக்கும் நிறுத்தம்.

"எவனாவது கடனக் கூட்டிச் சொன்னா?" என்றார் வட்டிக்காரர்.

"எட்டாயிரம் எட்டாயிரம்தானே. அவனுக்குக் கூடினா உங்களுக்குக் குறையும். அவன் திருடுறது என்கிட்ட இல்ல, உங்ககிட்ட."

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப அத நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

யார்டுக்கு விடுமுறையான ஞாயிறு காலையில் எடைமேடைக்கு ஐந்து பேரும் வந்தார்கள். மொட்டை தோளில் கட்டோடு வந்து ஓரமாக நின்றான். தீப்பெட்டி எதிர் ஓரத்தில் கையில் கட்டோடு நின்றான். இரண்டு கட்டுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. இறுக்கத்தைக் குறைக்கக் கறிக்கடைக்காரர், மொத்தக் கடன்காரர்களும் எவ்வளவு தேறுகிறோம் என்று பார்க்கலாம் என்று எல்லோரையும் மேடையில் ஏற்றினார். முந்நூற்று எண்பது கிலோ. இதில் பாதி நீதான் என்று தையல்காரம்மா அவரைப் பார்த்துச் சொன்னாள். வட்டிக்காரர்கூடச் சிரிப்பை மறைக்க வாயைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. ஒரு தகரப் பலகையைச் சாய்த்து வைத்து, கையில் சுண்ணாம்புக் கட்டியோடு ஒவ்வொருவராகக் கேட்டாள் எடைக்காரம்மா. எந்த மாதம் கொடுத்தீர்கள், கையில் வைத்தது எவ்வளவு, பக்கத்தில் யார் இருந்தார்கள், திரும்பி வந்தது எவ்வளவு. வட்டிக்காரர் ஒரு லட்சத்து எண்பதில் ஆரம்பித்தார். வட்டியைக் கழிக்கக் கழிக்க ஒன்று இருபதில் வந்து நின்றார். கறிக்கடைக்காரர் அறுபதாயிரத்தோடு ஒரு வருடக் கறிப் பாக்கியையும் சேர்த்தார். இந்த வீட்டில் வருடத்துக்கு எத்தனை தடவை கறி வேகும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் பாக்கியை விட்டுக்கொடுத்தார். டயர்கடைக்காரர் ஐம்பத்தைந்து என்றார். திருப்பி எடுத்துக்கொண்ட நான்கு டயர்களை அவள் நினைவுபடுத்தியதும் நாற்பதாக இறங்கினார். தையல்காரம்மா இருபது என்றாள். அவளுக்குக் கூட்டிச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு எண்ணையும் எழுதுவதற்கு முன் மற்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் பாத்தாச்சா?" என்று கேட்டாள்.

கடைசியில் அண்ணன். எண்பது என்றான்.

அவள் எழுதினாள். எந்த மாதம் என்று கேட்கவில்லை. பக்கத்தில் யார் என்று கேட்கவில்லை. பதினாறு வருடத்தில், பார்க்காத ஒரு எண்ணை அவள் எழுதியது அன்று மட்டும்தான்.

மொத்தம் மூன்று லட்சத்து இருபதாயிரம். மாதம் எட்டாயிரம் என்றால் நாற்பது மாதம். ஒவ்வொருவருக்கும் மாதா மாதம் அவரவர் கடனில் நாற்பதில் ஒரு பங்கு. வட்டிக்காரருக்கு மூவாயிரம், அண்ணனுக்கு இரண்டாயிரம், கறிக்கடைக்காரருக்கு ஆயிரத்து ஐந்நூறு, டயர்கடைக்காரருக்கு ஆயிரம், தையல்காரம்மாவுக்கு ஐந்நூறு.

ஒன்பது மாதம் அது ஓடியது. சும்மா ஓடவில்லை. மூன்றாம் மாதம், வரிசையில் நிற்கும்போது மொட்டை வேண்டுமென்றே தீப்பெட்டியின் செருப்பின் மேல் துப்பினான். தீப்பெட்டி இரண்டு விரல் கையால் அவன் குரல்வளையைப் பிடித்துக் கண்ணாடியோடு சாய்த்தான். மொட்டையின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் கூச்சல் போடவில்லை. எண்ணி வைத்திருந்த நோட்டுகளை எல்லோர் எதிரிலும் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கறிக்கடைக்காரரும் டயர்கடைக்காரரும் பாய்ந்துபோய் இருவரையும் பிய்த்தெடுத்தார்கள். வட்டிக்காரரே மொட்டையின் கன்னத்தில் ஒன்று வைத்து, துப்பியதைத் துடைக்கச் சொன்னார். துடைத்த பிறகுதான் பை திறந்தது. ஆறாம் மாதம் யார்டில் சம்பளம் தாமதமானபோது, தன் கல்யாணத் தோட்டை விற்று எட்டாயிரத்தைச் சரிக்கட்டினாள். தீப்பெட்டி இடுக்கியை இரண்டு விரலால் பிடிக்கப் பழகிக்கொண்டான். பிடி நழுவி, அறுத்த இரும்பு அவன் தொடையில் விழுந்த தழும்புகள் ஏழெட்டு இருக்கும்.

ஒன்பதாம் மாதக் கடைசியில் ஒரு நாள், லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணன் மனைவி கண்ணாடி அறைக்குள் வந்து நின்றாள். மேலுதடு பிளந்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வீட்டில் செலவுக்கு ஒன்றும் இல்லை, மாதா மாதம் தங்கையிடம் வாங்கும் இரண்டாயிரத்தைக் குடித்துவிடுகிறார், அதைக் கேட்டதற்குக் கிடைத்த பதில் இது என்று வாயைக் காட்டினாள். பிறகு சொன்னாள்.

"எண்பதுன்னு சொல்லிருக்காராமே. குடுத்தது நாப்பதும்மா. என் வளையல் ரெண்டையும் வித்து நான்தான் எண்ணிக் குடுத்தேன். உன் வீட்டுக்காரர் வாங்கும்போது என்கிட்டதான் வாங்கினாரு."

ஹாரன் விடாமல் அலறியது. எடைக்காரம்மா சீட்டில் ஒரு எண்ணை எழுதி, அது முந்தைய லாரியின் எண் என்று கண்டு கிழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி கிழித்தாள்.

அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது நாற்பதாயிரம் அல்ல. இது வெளியே வந்தால் வட்டிக்காரர் என்ன செய்வார் என்பது தெரியும். அதற்கு முன்னால் தீப்பெட்டி என்ன செய்வான் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். விரல் போன கையால் உழைத்த காசை ஒருவன் ஒன்பது மாதமாகத் திருடியிருக்கிறான் என்று கேட்டால் அவன் ஒரு அடியோடு நிற்கமாட்டான். மறைத்தாலோ, திட்டத்தைக் கட்டிய கையாலேயே மற்ற நால்வரின் பங்கில் அவளும் கை வைத்தவள் ஆவாள். இன்னும் முப்பத்தொரு மாதம் அதைச் செய்யவேண்டும்.

அன்று மாலையே அண்ணன் வேலை செய்யும் இடத்துக்குப் போனாள். பஸ்களுக்குப் பாடி கட்டும் பட்டறை. அண்ணன் அங்கே பெயிண்டர். அரைகுறையாக நீலம் அடித்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் வைத்துப் பேசினார்கள். வருகிற ஞாயிறு நீயே வந்து சொல்லிவிடு, ஞாபகப் பிசகு என்று சொல், கூட வாங்கியதை இனி வருவதில் கழித்துக்கொள்ளலாம், நான் எப்படியாவது சமாளிக்கிறேன் என்று கெஞ்சினாள்.

"அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றான் அண்ணன். "எல்லாரையும் நோண்டி நோண்டிக் கேட்டல்ல. என்னக் கேட்டியா? உன் புருஷன் செத்தப்ப மூணு நாள் வாசல்ல நின்னவன் நான். அதுக்கு என்ன கணக்கு?"

"அதுக்குக் கணக்கு இல்லண்ணே. அதனாலதான் கேக்கல."

நீ சொல்லாவிட்டால் நான் அழித்து எழுதுவேன் என்று அவள் திரும்பியபோது, கையில் இருந்த பெயிண்ட் டப்பாவால் காதோரம் அடித்தான். விழுந்தவளை இரண்டு முறை உதைத்தான். அழித்தால், இதில் பாதி உனக்குத்தான் வந்தது என்று எல்லோரிடமும் சொல்வேன் என்றான். மற்ற பெயிண்டர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணன் தங்கை சண்டை என்று திரும்பிக்கொண்டார்கள்.

வீட்டில் லாரிக் கதவு இடித்தது என்றாள். தீப்பெட்டி அவள் கழுத்தில் ரத்தத்தோடு காய்ந்திருந்த நீலத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

பத்தாவது ஞாயிறு அண்ணனும் வந்தான். தங்கைக்கு அத்தனை தைரியம் வராது என்று நினைத்தானோ, வராமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தானோ. மேடையின் நடுவில் மற்றவர்களோடு நின்றான். அவள் ஈரத் துணியை எடுத்துப் பலகையில் எண்பதைத் துடைத்தாள். நாற்பது என்று எழுதினாள்.

"ஒம்பது மாசமா நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள்.

வட்டிக்காரர்தான் மெதுவாகக் கேட்டார். "நீ தப்பா எழுதினியா, அவன் தப்பா சொன்னானா?"

அண்ணன் அவளைப் பார்த்தான். ஆமாம், என் தப்புத்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், கூடிப்போன ஒன்பதாயிரத்தை அவளே கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு ஒவ்வொருவனும் தன் எண்ணையும் அவள் தப்பாகத்தான் எழுதினாள் என்று ஆரம்பிப்பான். அன்றோடு பலகை வெறும் தகரம்.

"அவர் சொன்னாரு. நான் கேக்கல" என்றாள்.

சொன்ன மறுவிநாடி தீப்பெட்டியின் சட்டையை முதுகுப்புறம் கொத்தாகப் பிடித்து, அவனைக் கண்ணாடி அறைக்குள் இழுத்துப் போட்டு, தானும் உள்ளே நின்று கதவைப் பூட்டினாள். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவனுடைய வலது கை ஏற்கனவே இடுப்பில் இருந்தது. அங்கே அவன் செருகி வந்திருந்தது இரும்பை அறுத்துக் கூராக்கிய ஒரு பட்டை. அவள் நினைத்தது சரிதான்.

வெளியே ஆரம்பித்துவிட்டது. மொட்டை அண்ணனின் முடியைப் பிடித்துக் குனிய வைத்து முழங்காலால் முகத்தில் இடித்தான். டயர்கடைக்காரர், எப்போதும் மெல்லிய குரலில் பேசுகிற மனுஷன், விழுந்தவனின் முதுகில் ஏறி மிதித்தார். தையல்காரம்மா வேண்டாம் வேண்டாம் என்று யார் சட்டையையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் சிவப்பு எண் பைத்தியம் பிடித்ததுபோல் குதித்தது. முந்நூற்று நாற்பது, நானூறு, முந்நூறு.

"தொற அண்ணி."

"மாட்டேன்."

"அவன் உன்ன அடிச்சிருக்கான். நான் அடிக்கணும். அவனுங்க இல்ல."

"நீ அடிக்க வரல. கொல்ல வந்த. அதக் கீழ போடு."

அவன் போடவில்லை. அவளைக் கதவிலிருந்து பிடுங்கிப் பார்த்தான். அவள் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். தோளால் இடித்தான். முழங்கையால் விலாவில் குத்தினான். குத்தும்போது அவனே சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தான். அவளுக்கு மூச்சு நின்று வந்தது. உள்ளே ஏதோ விரிசல் விட்டது. பிடியை மட்டும் விடவில்லை. வெளியே அண்ணனின் குரல் அவளைப் பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டது. சின்ன வயதில் கூப்பிடும் பெயர். கதவைத் திறந்தால் முதலில் வெளியே ஓடப்போவது அவனைக் காப்பாற்ற நினைக்கும் அவள் அல்ல, கொல்ல வந்த இவன். அவள் திறக்கவில்லை.

அதுவரை ஒதுங்கி நின்ற கறிக்கடைக்காரர் கடைசியில் வந்து ஒரே ஓர் அறை விட்டார். மாட்டை ஒரு கையால் சாய்க்கிறவர். அண்ணனின் காதிலிருந்து ரத்தம் வந்தது.

ஜன்னல் இடுக்கில் வாயை வைத்து அவள் சொன்னாள். "போதும். உசுரு போனா கணக்கு நின்னுரும்."

ஒருவர் ஒருவராக மேடையை விட்டு இறங்கினார்கள். சிவப்பு எண் இறங்கி இறங்கி அறுபதில் நின்றது. அண்ணனின் எடை. தீப்பெட்டி அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தான். பட்டையை அவள் காலடியில் போட்டான்.

பாக்கி இனி இவனுக்கு இல்லை என்று வட்டிக்காரர் தீர்ப்புச் சொன்னார். விலாவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த அவள் அதற்கு ஒப்பவில்லை. அது இவனுடைய காசு இல்லை, இவன் மனைவியின் வளையல் என்றாள். பதினெட்டாயிரம் போய்விட்டது, மீதி இருபத்திரண்டாயிரத்தைத் தையல்காரம்மா மாதா மாதம் அந்த அம்மாவின் கையில் கொடுக்கட்டும் என்றாள். கறிக்கடைக்காரர் தலையாட்டினார். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. அண்ணனைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது அவள்தான். அவன் அந்தத் தண்ணீரை வாயில் வாங்கி அவள் முகத்தில் துப்பினான். ஒரு காது அதற்குப் பிறகு அவனுக்குக் கேட்கவே இல்லை.

நாற்பது மாதம் என்று ஆரம்பித்தது முப்பத்தைந்தில் முடிந்தது. கடைசி ஞாயிறு பலகையைத் துடைத்தபோது கறிக்கடைக்காரர் மட்டும் ஈரல் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இத்தனை பேரிலும் என்னை நன்றாக அடித்தது கடன் கொடுக்காதவன்தான் என்று தீப்பெட்டியைக் காட்டி அவள் சொன்னாள். விலா எலும்பு கோணலாகவே ஒட்டியிருந்தது. மழை நாளில் வலிக்கும். தீப்பெட்டி அதற்குப் பிறகு யார் மேலும் கை வைக்கவில்லை. அவனுக்குக் கல்யாணமும் அவளே செய்து வைத்தாள். அண்ணன் வரவில்லை. அவன் மனைவி வந்து, இருந்த வரைக்கும் அடுப்படியிலேயே நின்றாள்.

கடன் முடிந்து ஒன்றரை வருடம் ஆனது. ஒரு திங்கட்கிழமை, மேடையில் லாரி ஏறி நின்று, எண் ஓடி நின்று, விற்கிறவனும் யார்டு ஆளும் பார்த்தாயிற்று என்று சொல்லியும் அவள் எழுதவில்லை. சாய்ந்திருந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்று டாக்டர் சொன்னார். நாற்பத்தாறு வயது.

வீட்டுக்குக் கடன்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். வட்டிக்காரர் வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறினார். தோள் ஒரு பக்கம் இறங்கிய மொட்டை, பந்தலுக்குக் கால் நட்டான். அண்ணன் மனைவி உள்ளே அவள் தலைமாட்டில் இருந்தாள். அண்ணன் மட்டும் தெருவுக்கு எதிர்ப்பக்கம், பூட்டிய கடை ஷட்டரில் சாய்ந்து நின்றான். வரவும் இல்லை, போகவும் இல்லை. மணிக்கணக்காக நின்றான்.

மதியம் தீப்பெட்டி எழுந்தான். அவன் பார்வை போன திசையை எல்லோரும் பார்த்தார்கள். கை வைக்கக்கூடாது என்று சொன்னவள் உள்ளே கிடக்கிறாள். கறிக்கடைக்காரர் அவன் தோளைப் பிடித்தார். தோளைக் குலுக்கி விடுவித்துக்கொண்டு தெருவைக் கடந்தான்.

அண்ணன் ஓடவில்லை. இரண்டு விரல் கையால் தீப்பெட்டி அவன் காலரைப் பிடித்தான். வலது கையால் இடுப்பைப் பிடித்தான். தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு செருப்பு தெரு நடுவில் கழன்று கிடந்தது. வாசல்படியில் முழங்கால் தேய்ந்தது. பெண்கள் விலகினார்கள். உள்ளே கொண்டுபோய், அவள் காலடியில் அவனைக் குப்புறத் தள்ளி, பிடரியை அழுத்தினான்.

"அழு" என்றான்.

அண்ணன் அசையவில்லை. மேலே திரும்பியிருந்தது அந்தச் செவிட்டுக் காது. தீப்பெட்டி மண்டியிட்டு, அவன் தலையை முடியோடு பிடித்து மறுபக்கம் திருப்பினான். கேட்கும் காதில் வாயை வைத்து இன்னொரு முறை சொன்னான்.

அண்ணனின் முதுகு ஒரு தடவை தூக்கிப்போட்டது. பிறகு நிற்கவில்லை. அவளைத் தூக்குவதற்கு ஆட்கள் வரும் வரைக்கும் தீப்பெட்டி அந்தப் பிடரியிலிருந்து கையை எடுக்கவில்லை.